ஏழுக்கு மூன்று

மாம்பழக்கூழ் கம்பெனியின் குடோன், காவேரிப்பட்டணம்.
பிப்ரவரி. சீசனுக்கு இன்னும் மூன்று மாதம்.
போன வருஷத்து இனிப்பு மட்டும்
தரையில் மிச்சமிருந்து
செருப்பைப் பிடித்து இழுக்கிறது.

என்னிடம் மைக் மூன்று.
ஒன்று என்னுடையது.
ஒன்று பெங்களூரில் பழசாக வாங்கியது,
கழுத்தில் இன்சுலேஷன் டேப்.
மூன்றாவது சபைக்குச் சொந்தம்,
ஞாயிறு காலை ஆறுக்குள்
பிரசங்க மேடைக்குத் திரும்பியாக வேண்டும்.

எஸ்தரிடம் ஏழு.
கிக், ஸ்னேர், ஒரு டாம், ஒரு ஃப்ளோர் டாம்,
ஹை-ஹேட், க்ராஷ், ரைடு.

ஏழு வாய், மூன்று காது.
எப்படிப் பங்கு வைத்தாலும்
நாலு பேர் கேட்பாரற்று நிற்கிறார்கள்.

கிக்குக்கு ஒன்று. அதில் பேச்சே இல்லை.
அதன் வயிற்றுக்குள் வாட்ச்மேன் திம்மராயன்
எங்கிருந்தோ கொண்டுவந்த கோணிச்சாக்கு,
புளி வாசத்தோடு.
மற்ற இரண்டும் தலைக்கு மேல்.
ஸ்னேரின் நடுவிலிருந்து இரண்டும்
ஒரே தூரத்தில் இருக்க வேண்டும்,
இல்லாவிட்டால் ஒரே அடி
இதில் முந்தி அதில் பிந்தி வந்து
தன்னையே தின்றுவிடும்.
அளக்க டேப் இல்லை.
மிச்சமிருந்த கேபிளை முழம் போட்டேன்.

முதல் டேக்.
ஒரு இலையில் ஊற்றின ரசம்
பந்தி முழுக்க ஓடினமாதிரி
எல்லாவற்றின் மேலும் க்ராஷ்.
போதாததற்கு, ஃப்ளோர் டாம் விழும்போதெல்லாம்
சுவரோரம் அடுக்கிய காலி டிரம்களில் ஏதோ ஒன்று
கூடவே முனகுகிறது.
இருநூறு லிட்டர் டிரம், நாற்பது இருக்கும்.
அவள் அடிக்க அடிக்க
ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்த்தேன்,
ஜுரம் பார்ப்பதுபோல.
பதினேழாவது.
அதன் தலையில் இரண்டு செங்கல் ஏற்றினோம்.

எட்டு மைக் இருந்தால்
யோசிப்பதை வீட்டுக்குத் தள்ளிப்போடலாம்.
மூன்றில் எல்லாமே எல்லாவற்றிலும் இருக்கும்.
ரைடை இறக்கினால் ஸ்னேரும் இறங்கும்.
அதனால் சொன்னேன்:
"க்ராஷை மட்டும் கொஞ்சம் மெதுவா."

குச்சிகளைத் தொடைமேல் வைத்தாள்.
"சபையில கமிட்டி சொல்லிச்சு.
வீட்டு ஓனர் சொன்னாரு.
ஹாஸ்டல்ல வார்டன், தலகாணிமேல அடிச்சதுக்கே.
நீ மைக் வச்சிருக்க.
உனக்கும் அதே வார்த்தைதானா?"

வெளியே ஹைவேயில் ஒரு லாரி போனது.
அதன் வாலைப் பிடித்து இன்னொன்று.
அதுவரை எனக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவள் ஸ்டூலுக்குப் பின்னால் முட்டி போட்டு
அவளுடைய வலது தோளுக்கு மேல்
என் காதைக் கொண்டுபோய்
"அடி" என்றேன்.

அங்கே க்ராஷ் க்ராஷின் அளவில் இருந்தது.
ஸ்னேர் முன்னால். டாம்கள் அகலமாக.
ஏழு பேரும் பேசுகிறார்கள்,
யாரும் யார் வாயையும் பொத்தவில்லை.
அவளுக்கு இது எப்போதும்
இப்படித்தான் கேட்டிருக்கிறது.

சபை மைக்கைத் தோளோரம் இறக்கினேன்.
மறுபடி கேபிள், மறுபடி முழம்.

இரண்டரை மணிக்குக் கிடைத்தது,
லாரி இல்லாத நாலு நிமிஷம் பதினோரு செகண்ட்.
திம்மராயன் வாயை மூடிக்கொண்டு
கேட்டுக்கு வெளியே ஓடிப்போய் இருமினார்.

ஞாயிறு மதியம். மைக் போய்விட்டது.
ஹெட்போனில், வலது பக்கம்,
ஸ்னேருக்கும் ஸ்னேருக்கும் நடுவில் என்னவோ.
ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன்.

ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு.

மூச்சைவிடச் சன்னமாக, பாட்டு முடியும்வரை.

ஆறு வருஷமாக என்னோடு தமிழில்தான் பேசுகிறாள்.
சண்டைகூடத் தமிழில்தான்.

பிரித்தெடுக்க வழியில்லை.
ஸ்னேரில் பாதி அந்த மைக்கில்தான் இருக்கிறது,
இறக்கினால் அதுவும் இறங்கும்.
இறக்கவில்லை.

அவளுக்கு இன்னும் அனுப்பவுமில்லை.